ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாத அரசுகள்: இந்தியாவின் அணு மௌனமும் வடசென்னைக் கடற்கரையும்

அணு ஆயுதம் தன்னிடம் உண்டு என்று ஒப்புக்கொள்ளாமலும், இல்லை என்று அறுதியிட்டு மறுக்காமலும், இருக்கக்கூடும் என்று எதிரி அஞ்சும் அளவுக்குக் குறிப்புகளை மட்டும் கசியவிட்டு ஓர் அரசு நடந்துகொள்வதைத் திட்டமிட்ட தெளிவின்மைக் கொள்கை என்று பாதுகாப்பியல் அறிஞர்கள் அழைக்கின்றனர். இதற்கு உலகம் முதலில் சுட்டுவது இஸ்ரேலை. 1969இல் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கும் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயருக்கும் இடையே எழுத்தில் வராத ஓர் உடன்பாடு ஏற்பட்டது முதல் அந்நாடு இந்நிலையிலேயே நின்றுவருகிறது. டிமோனா அணு நிலையத்தின் உட்புறப் படங்களை 1986இல் லண்டன் இதழொன்றில் வெளியிடச் செய்த மொர்தெகாய் வனுனு 18 ஆண்டுகள் சிறையில் கிடந்த பின்னும் அந்த அரசு வாய் திறக்கவில்லை. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து, அவற்றைத் தானே பிரித்து அழித்துவிட்டு, 1993 மார்ச்சில்தான் அதிபர் டி கிளர்க் வாயிலாக உண்மையை ஒப்புக்கொண்டது. இந்தியாவின் மௌனம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. 1974 மே 18 அன்று பொக்ரானில் உலகறிய வெடித்துவிட்டு, வெடித்தது ஆயுதம் அன்று, அமைதிப் பணிக்கான சோதனை என்று அறிவித்து, 1998 மே வரை 24 ஆண்டுகள் அந்நிலையிலேயே நின்ற நாடு இது. அந்த மௌனத்தை எடைபோட முற்படும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தில்லி, இஸ்லாமாபாத், வாஷிங்டன் ஆகிய மூன்று தலைநகரங்களையே பார்க்கின்றனர். ஆனால் அதன் விளைவுகள் வந்து படியும் இடங்களில் ஒன்று சென்னைக் கடற்கரை. தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் கல்பாக்கமும், வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி வரை துறைமுகங்களும் ஆலைகளும் நெருங்கிக் கிடக்கும் இக்கரையிலிருந்து பார்க்கும்போது, இந்த மௌனம் யாருடைய காதுகளை முன்னிட்டுக் காக்கப்பட்டது என்ற கேள்வி வேறு வடிவம் கொள்கிறது.

முதலில் இக்கொள்கை பிறந்த சூழல். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டைச் சோதித்ததும், 1968இல் கையெழுத்துக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் வெடித்தவர்களை மட்டும் அணு ஆயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டு மற்றவர்களுக்குக் கதவை அடைத்ததும் இந்தியாவை ஓர் இக்கட்டில் நிறுத்தின. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் வருங்காலத் தலைமுறையின் கைகளைக் கட்டியதாகும். வெளிப்படையாகக் குண்டு செய்தால், காந்தியும் நேருவும் பேசிய ஆயுதக் குறைப்புக் கொள்கையைத் தானே கைவிட்டதாகும். இவ்விரண்டுக்கும் நடுவே கண்டறியப்பட்ட வழியே 1974இன் அமைதி வெடிப்பு. கனடா கொடுத்த சைரஸ் உலையில், அமெரிக்கா கொடுத்த கனநீரின் துணையோடு உண்டாகிய புளூட்டோனியம் அதில் பயன்பட்டது என்பதால், அமைதி என்னும் சொல்லைக் கனடா ஏற்கவில்லை. அணுசக்தி உதவியை நிறுத்தியது. அணுப் பொருள் வழங்கும் நாடுகள் ஒன்றுகூடி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்ததற்கும் இதுவே தூண்டுகோல். சோதனைக்குத் தலைமை தாங்கிய இராஜா ராமண்ணாவே 1997இல், அது குண்டுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 23 ஆண்டுகளாக ஊரறிந்த ரகசியமாக இருந்த ஒன்றை உரியவர் உறுதிசெய்தார் என்பதற்கு மேல் அந்தக் கூற்றில் புதுமை ஏதும் இல்லை.

இக்கொள்கையின் வலிமைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. அறிவிக்கப்பட்ட ஆயுதத்துக்கு எண்ணிக்கை வேண்டும், ஏவுகணை வேண்டும், காவலும் கட்டளை அமைப்பும் வேண்டும், எதிரி ஒன்று சேர்த்தால் தானும் ஒன்று சேர்க்க வேண்டும் என்ற போட்டி வேண்டும். வறுமையும் உணவுத் தட்டுப்பாடும் வாட்டிய எழுபதுகளில் அச்செலவை இந்தியா தள்ளிப்போட்டது சிறிய ஆதாயமன்று. குண்டாகக் கோக்கப்படாமல், ஆனால் குறுகிய காலத்தில் கோத்துவிடக்கூடிய நிலையில் பாகங்களை வைத்திருந்து எதிரியைத் தயங்கச் செய்வதை, ஆயுதமாக்காத தடுப்புத்திறன் என்று பின்னாளில் பெயரிட்டனர். இந்நிலையில் தவறுதலாக ஏவப்படும் ஆபத்து குறைவு. ஒரு படைத்தலைவனின் அவசர முடிவுக்கு இடமில்லை. பின்வாங்கவும் வழி உண்டு. 1988 ஜூனில் இராஜீவ் காந்தி ஐக்கிய நாடுகள் அவையில் உலக அணு ஆயுத ஒழிப்புக்கான செயல்திட்டத்தை முன்வைக்க முடிந்ததும், அப்போது இந்தியா தன்னை அணு ஆயுத நாடு என்று அறிவித்துக்கொண்டிராத காரணத்தால்தான். அந்தத் திட்டத்தை வல்லரசுகள் பொருட்படுத்தாமல் விட்ட பிறகு, 1989இல் குண்டைப் போருக்கு ஏற்றதாக ஆக்கும் பணிக்கு அதே பிரதமர் ஒப்புதல் தந்தார் என்பதைக் கவனிக்கும்போது, தெளிவின்மை என்பது வெறும் ஏமாற்றாக இராமல், இரு திசைகளிலும் செல்லும் வாய்ப்பை உண்மையிலேயே திறந்துவைத்திருந்த ஏற்பாடு என்று கொள்ள இடமுண்டு.

ஆனால் எதிரியைத் தயங்கச் செய்வதே நோக்கமென்றால், எதிரிக்குச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தெளிவின்மையின் அடிப்படைக் குறை இங்கேதான் தென்படுகிறது. 1986 இறுதியிலிருந்து இந்தியா நடத்திய பிராஸ்டாக்ஸ் படைப்பயிற்சியின்போது இரு நாடுகளும் போரின் விளிம்புக்கு வந்தன. 1987 ஜனவரி இறுதியில் பாகிஸ்தான் அணு அறிவியலாளர் அப்துல் காதர் கான் இந்தியப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் தங்கள் அணுத்திறனை உணர்த்தும் வகையில் பேசினார். அப்பேட்டி மார்ச் 1 அன்று லண்டன் இதழில் அச்சானபோது, எல்லையிலிருந்து படைகளை விலக்கும் உடன்பாடு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டிருந்தது. ஓர் அரசின் மிக ஆபத்தான எச்சரிக்கை, பேட்டி ஒன்றின் வடிவில், நெருக்கடி தணிந்த பின் வந்து சேர்ந்தது என்றால், தடுப்புத்திறன் வேலை செய்தது என்று மார்தட்டுவதற்கு அதில் அதிகம் இல்லை. 1990இல் காஷ்மீரை ஒட்டி எழுந்த நெருக்கடியில் அமெரிக்கத் தூதராக இராபர்ட் கேட்ஸ் இரு தலைநகரங்களுக்கும் பறந்து வந்ததை இக்கொள்கையின் வெற்றியாகச் சிலர் காட்டுவர். மூன்றாம் நாட்டின் தூதர் வந்து விளக்கித்தான் அச்சம் புரியும் என்றால் அது வெற்றியா என்று மற்றவர்கள் கேட்பர். பின்னவர்களின் கேள்வியே வலுவானது.

உள்நாட்டில் இந்த மௌனம் செய்தது இன்னும் ஆழமானது. இதை வெளிப்படுத்தியவர்களில் குறிப்பிடத்தக்க பலர் தமிழ் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். செங்கல்பட்டில் பிறந்த தளபதி க. சுந்தர்ஜி, அணு ஆயுதம் வைத்திருக்கும் எதிரியை அது இல்லாத படை எப்படி எதிர்கொள்ளும் என்ற வினாவை 1981இலேயே தம் அதிகாரிகளிடையே அஞ்சல்வழிக் கருத்தரங்கமாக எழுப்பினார். படைத்தலைமையிலிருந்து ஓய்வுபெற்ற பின், அரசின் குருட்டுத்தனம் என்று தாம் கருதியதை 1993இல் புதின வடிவில் எழுத வேண்டியிருந்தது. 1983இல் பொக்ரானில் மற்றொரு சோதனைக்கான ஆயத்தங்கள் முடிந்து, வெளிநாட்டு நெருக்குதலால் அது கைவிடப்பட்டது என்பதை, அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமன் 1998 சோதனைகளுக்குப் பிறகே வெளியில் சொன்னார். திருச்சியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கி. சுப்ரமணியம், கார்கில் ஆய்வுக் குழுவின் தலைவராக எழுதிய அறிக்கையில், அணு ஆயுதத் திட்டம் பிரதமர்களுக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க அறிவியலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையிலேயே அடங்கியிருந்ததையும், முப்படைத் தலைவர்கள் அதில் சேர்க்கப்படாமல் இருந்ததையும் பதிவுசெய்தார். குண்டைச் செய்தவருக்கும் அதைச் சுமக்க வேண்டிய விமானப்படைக்கும் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை சரியான தொடர்பு இல்லாததால், தாளில் இருந்த தடுப்புத்திறன் களத்தில் இருக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர்.

இவற்றையெல்லாம்விட முரணானது ஒன்று உண்டு. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இரு நாடுகளும் ஆயுதத்தை ஒப்புக்கொள்ளாத ஆண்டுகளிலும் இது தடைபடவில்லை. ஒப்பந்தம் நல்லதே, பாராட்டத்தக்கதே. ஆனால் அந்தப் பட்டியல் இஸ்லாமாபாத்துக்குப் போகிறது. இந்திய நாடாளுமன்றத்தின் மேசைக்கோ, அந்நிலையங்களைச் சுற்றி வாழும் மக்களின் பார்வைக்கோ வருவதில்லை. அமெரிக்கச் செயற்கைக்கோள் 1995இல் பொக்ரானில் நடந்த ஆயத்தங்களைப் படம்பிடித்து நரசிம்ம ராவ் அரசைப் பின்வாங்கச் செய்தது. எதிரிக்கும் வல்லரசுக்கும் தெரிந்ததைச் சொந்தக் குடிமக்களிடமிருந்து மறைப்பதே இக்கொள்கையின் நடைமுறைப் பயனாக முடிந்தது என்று கொள்வது மிகையன்று.

கல்பாக்கம் இதற்கு அருகிலிருக்கும் சான்று. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் வேக ஈனுலைகளும், 2006இல் இந்தியா தன் குடிசார் நிலையங்களையும் ஆயுதத் தொடர்புடைய நிலையங்களையும் பிரித்துக் காட்டியபோது, பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. 22 மின் உலைகளில் 14 கண்காணிப்புக்குள் வந்தன. எஞ்சிய எட்டில் இரண்டு கல்பாக்கத்தில் உள்ளவை. மின்சாரம் தரும் ஓர் உலை ஆயுதப் புளூட்டோனியத்தையும் தரக்கூடும் என்ற வாய்ப்பைத் திறந்துவைப்பதே இதன் பொருள்; தருகிறதா இல்லையா என்பது சொல்லப்படாது. அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கான முன்மாதிரி உலை கல்பாக்கத்தில் இயங்கிவந்ததை, 2009 ஜூலையில் அரிஹந்த் கப்பல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்ட பிறகுதான் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தகவலைத் தடுக்க அரசுக்கு அளித்த விரிவான அதிகாரம் ஆயுத ரகசியத்துக்கும் தொழிலாளர் பாதுகாப்புக்கும் வேறுபாடு காணவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் 2000ஆம் ஆண்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. 2003 ஜனவரி 21 அன்று, எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, உயர்கதிர்வீச்சுக் கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்தது. அதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்ற ஆறு பணியாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அந்த இடத்தில் கதிர்வீச்சு அளவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. பொதுமக்களுக்குச் செய்தி எட்ட ஏறத்தாழ அரை ஆண்டு ஆயிற்று. குண்டுகளின் எண்ணிக்கையை மறைப்பதற்கும், ஒரு தொட்டியருகே அளவி இல்லாததை மறைப்பதற்கும் எந்தத் தர்க்கத் தொடர்பும் இல்லை. ஆயினும் முதலாவதற்காக எழுப்பப்பட்ட சுவர் இரண்டாவதையும் தன் நிழலில் கொண்டுவந்துவிடுகிறது.

வடசென்னைத் துறைமுகத்தின் நிலை இதனினும் சிக்கலானது, ஏனெனில் அங்கே இன்னொரு நாட்டின் மௌனமும் வந்து சேர்கிறது. அமெரிக்கக் கடற்படை, தன் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறது என்று உறுதிப்படுத்தவும் மாட்டோம், இல்லை என்று மறுக்கவும் மாட்டோம் என்ற விதியை 1950களின் இறுதியிலிருந்து கடைப்பிடிக்கிறது. 2007 ஜூலை முதல் வாரத்தில், ஏறத்தாழ 1 லட்சம் டன் எடையும் இரு அணு உலைகளும் கொண்ட நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டபோது, இடதுசாரிக் கட்சிகள் அதை எதிர்த்துப் போராடின. இந்திய அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டின் வாசகம் இறுதியாகிக்கொண்டிருந்த மாதம் அது. விவாதம் முழுவதும் கப்பலில் குண்டு இருக்கிறதா என்பதையே சுற்றியது. உண்மையில் 1991 செப்டம்பரில் அதிபர் தந்தை புஷ் ஆணையிட்டபடி அமெரிக்க மேற்பரப்புக் கப்பல்களிலிருந்து அணு ஆயுதங்கள் அகற்றப்பட்டுவிட்டன. எனவே நிமிட்ஸில் குண்டு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உலைகள் இருந்தன, அவற்றை யாரும் மறைக்கவும் இல்லை. விடை கிடைக்காத கேள்வி அனைவரின் கவனத்தையும் இழுத்துக்கொண்டதால், விடை கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய கேள்வி பின்னுக்குப் போயிற்று: உலையில் விபத்து நேர்ந்தால் காசிமேட்டு மீனவருக்கும் இராயபுரத்துக் குடியிருப்புகளுக்கும் யார், எப்போது, எதைச் சொல்வார்?

இக்கேள்வி பொருத்தமற்றதன்று என்பதை இந்தியச் சட்டமே காட்டுகிறது. போபால் பேரழிவுக்குப் பின் 1989இல் வந்த அபாயகர வேதிப்பொருள் விதிகள், பெருவிபத்து நேரக்கூடிய ஆலை ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள பொருளின் தன்மையையும் அளவையும் அறிவிக்க வேண்டும், ஆலைக்கு வெளியே செயற்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்று விதிக்கின்றன. மணலியிலும் எண்ணூரிலும் இவ்விதி எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது வேறு கதை. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலிக் கொள்கலன் முனையத்தில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடக்கிறது என்பது அப்பகுதி மக்களுக்குத் தெரியவந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு வெளியேறினர். இருப்பினும் அங்கே கேட்பதற்குச் சட்டம் ஒன்று உண்டு, தவறியவரைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்க வழி உண்டு. அம்மோனியாவுக்கு உள்ள இந்தக் கடமை நங்கூரமிட்ட போர்க்கப்பலின் உலைக்கு இல்லை.

துறைமுகம் வைத்திருக்கும் நாடுகள் இந்த மௌனத்தை எதிர்கொண்ட விதங்களும் பல. நியூசிலாந்து 1985இல் பியூகானன் என்ற அமெரிக்கக் கப்பலில் ஆயுதம் இல்லை என்ற உறுதியைப் பெற முடியாத நிலையில் அதற்கு அனுமதி மறுத்து, கூட்டணிப் பாதுகாப்பையே இழந்து, 1987இல் அணு ஆயுதமற்ற நாடாகத் தன்னைச் சட்டம் மூலம் அறிவித்தது. ஜப்பான் அணு ஆயுதத்தை நாட்டுக்குள் அனுமதிப்பதில்லை என்று 1967 முதல் சொல்லிக்கொண்டே, அமெரிக்கக் கப்பல்கள் அதனோடு வந்து போவதைக் கண்டுகொள்ளாதிருக்க மறைவாக இசைந்திருந்தது. 2010இல் அந்நாட்டு அரசு அமைத்த குழு இதை உறுதிசெய்தபோது, பல பத்தாண்டுகளாக மறுத்துவந்த அமைச்சர்களின் சொல் காற்றில் போயிற்று. இந்தியாவோ 1971 டிசம்பரில் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது கொதித்தது. இந்துமாக்கடல் அமைதி மண்டலமாக வேண்டும் என்று இலங்கையோடு சேர்ந்து ஐக்கிய நாடுகள் அவையில் குரல் கொடுத்தது. தன்னிடம் இருப்பதைத் தானே சொல்லாத நாடு, வந்திருக்கும் விருந்தாளியின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாது. எழுபதுகளின் அந்தக் குரல் மெல்ல அடங்கியதில் இதற்கும் பங்குண்டு. 2017 ஜூலையில் மலபார் கூட்டுப் பயிற்சிக்காக அதே நிமிட்ஸ் சென்னைக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்கு முன் இருந்த எதிர்ப்பின் வேகம் காணப்படவில்லை.

1998க்குப் பிறகு மௌனம் கலைந்துவிட்டது என்பதும் பாதி உண்மையே. பொருளாதாரத் தடைகள் வந்தன. மூன்று நான்கு ஆண்டுகளில் பெரும்பாலும் விலகின. 2008இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் இந்தியாவுக்கு விலக்களித்தன. வெளிப்படுத்தினால் நாடு தாங்காது என்று 24 ஆண்டுகள் சொல்லப்பட்ட காரணம், பனிப்போர் முடிந்த உலகில், அவ்வளவு வலுவுடையதாக இருக்கவில்லை. 2003 ஜனவரியில், முதலில் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியோடு கோட்பாடு வெளியிடப்பட்டது. ஆனால் 2016இல் அரிஹந்த் அறிவிப்பின்றிக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் இராஜ்நாத் சிங் பொக்ரானில் நின்றுகொண்டு, அந்த உறுதிமொழியின் எதிர்காலம் சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். அமெரிக்கா 2010இல் தன் இருப்பு 5,113 குண்டுகள் என்று எண்ணிச் சொன்னது. இந்தியா எண்ணிக்கை எதையும் சொன்னதில்லை, ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் 2025 தொடக்கத்தில் 180 என்று மதிப்பிட்டதைத்தான் இந்தியரும் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. இருக்கிறதா என்பதில் இருந்த தெளிவின்மை, எத்தனை, எப்போது, எங்கிருந்து என்பவற்றுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

இவற்றில் சிலவற்றுக்கு மௌனம் தேவைதான். நீர்மூழ்கிக் கப்பல் எங்கே உலவுகிறது என்று எந்த நாடும் சொல்லாது, சொல்லவும் கூடாது. பிரிட்டன் இதில் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் கடைப்பிடிக்கிறது. குறிப்பிட்ட கப்பலில் அணு ஆயுதம் உண்டா என்று அதன் கடற்படையும் சொல்வதில்லை. இருப்பில் உள்ள குண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றியும் 2021 முதல் வேண்டுமென்றே பேச்சைக் குறைத்துக்கொண்டது. ஆயினும் அணுசக்தி நீர்மூழ்கிகள் வந்து நிற்கும் சவுத்தாம்ப்டன், போர்ட்ஸ்மவுத் போன்ற துறைமுகங்களில், உலை விபத்து நேர்ந்தால் எவ்வளவு தூரத்தில் இருப்பவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும், எந்த வழியில் அறிவிப்பு வரும், அயோடின் மாத்திரை பற்றிய அறிவுரை என்ன என்பவற்றை உள்ளூர் ஆட்சி அமைப்புகள் பொதுவில் வெளியிடுகின்றன. ஆயுதத்தைப் பற்றிய மௌனமும் ஆபத்தைப் பற்றிய பேச்சும் ஒரே கரையில் உடன் இருக்க முடியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்று.

1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய காலத்தைவிட, இன்றைய கரையில் எரியக்கூடியவை பன்மடங்கு அதிகம்: மணலிச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகத்தின் எரிவாயு முனையம். 2022 ஆகஸ்டில் சார்ல்ஸ் டிரூ என்ற அமெரிக்கக் கடற்படைத் துணைக் கப்பல் பழுதுபார்ப்புக்காகக் காட்டுப்பள்ளித் தளத்துக்கு வந்தது. அதன் பின் வேறு சிலவும் வந்தன. அது அணுசக்தியால் இயங்குவதன்று. வெடிபொருளும் உலர்சரக்கும் சுமந்து போர்க்கப்பல்களுக்கு வழங்கும் வகையைச் சேர்ந்தது. வருகை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது, வரவேற்கவும்பட்டது, தளத்தில் பணிபுரிவோருக்கு வேலையும் தந்தது. இந்தக் கூட்டுறவு விரியும்போது நாளை எந்த வகைக் கப்பல் அங்கே கட்டப்பட்டு நிற்கும் என்பதைத் தில்லியும் வாஷிங்டனும் முடிவு செய்யலாம். ஆனால் எண்ணூர் ஆலைகளிடமிருந்து 1989இன் விதிகள் எதிர்பார்க்கும் வெளிப்புற அவசரத் திட்டத்தில் அத்தகைய கப்பலுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதற்கு, ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்ற விடை தேவையில்லை.